அறுபத்து மூன்று கைகளும் ஒரு நொட்டாங்கையும்

கோவில்பட்டி தண்ணீர்த்தொட்டித் தெருவில், நிலைக்கண்ணாடிக்குள்ளிருந்து முதல் கை வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது என்பதால் தெருவே குடத்தோடு தொட்டியடியில் நின்றது; பார்த்தவள் சண்முகக்கனி ஒருத்திதான். ஆறு கண்ணாடி வளையல் போட்ட அந்தக் கை, கண்ணாடியின் சட்டத்தைப் பிடித்து, சுவரேறிக் குதிக்கப் போகிறவனைப் போல ஒரு கணம் யோசித்து, பிறகு மேசைமேல் இறங்கி, கனி அடுத்த கூடைக்குக் கோணலாகப் போட்டு வைத்திருந்த வயர் முடிச்சை அவிழ்த்துச் சரியாகப் போட்டது. அதன் ஜோடிக் கையும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. கனி "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். கை நாளைக்கும் இருக்கும், தண்ணீர் இருக்காது.

கனி எதற்குக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கூடை பின்னினாள் என்று கேட்டால், அதற்கு அவளுடைய இடது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவளுக்கு நொட்டாங்கைதான் கை. ஒன்றாம் வகுப்பில் அந்தக் கையால் சிலேட்டுக்குச்சியைப் பிடித்ததற்கு வாத்தியார் இரும்பு ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் முட்டிகளில் போட்டார். தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாணமாகி வந்த இடத்தில் யாரும் அடிக்கவில்லை, ஆனால் வாங்கவும் இல்லை. காபித் தம்ளரை நீட்டினால், புருஷனின் அக்கா வெள்ளத்தாய், பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிற மதினி, இரண்டு கையையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "வச்சிரு, நான் எடுத்துக்கிடுதேன்" என்பாள். சோத்துக் கையால் நீட்டப் பழகிப் பார்த்தாள், காபி சிந்தியது. அதனால் கனி பதினெட்டு வருஷமாக யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை, எல்லாவற்றையும் வைத்தாள். சில்லறையைப் பலகைமேல் வைத்தாள், பூவைச் சுவர்மேல் வைத்தாள், பால்காரருக்குச் செம்பைப் படியில் வைத்தாள், கோயிலில் தேங்காய்த் தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பழகிப்போனது என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள். பழகவில்லை.

வயர் கூடைமேல் அவளுக்கு ஆசை வந்தது பூக்காரி ஒருத்தி பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த அன்று. யூடியூபில் தேடினால் தஞ்சாவூரிலிருந்து மலேசியா வரை ஆயிரம் அக்காமார்கள், "வணக்கம் தோழிகளே" என்று தொடங்கி, முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டி, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண் என்று அள்ளி அள்ளிச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் வலது கை. கனி பார்த்தபடியே போட்டாள். வயர் தன் வாட்டத்துக்கு இழுத்தது, கை அதன் வாட்டத்துக்கு இழுத்தது. வலமும் இடமும் கலந்த முடிச்சு இறுகியதுபோல நடிக்கும். கூடையைத் தூக்கினால் உதிர்ந்துவிடும். நான்கு கூடைகள் அப்படி உதிர்ந்தன.

சார்ஜர் வயர் குட்டையாக இருந்ததால்தான் விஷயம் கைகூடியது. பிளக்கிலிருந்து எட்டுகிற ஒரே இடம் நிலைக்கண்ணாடி மேசை. ஒருநாள் போனைக் கண்ணாடியைப் பார்த்தவாக்கில் சாய்த்து வைத்துவிட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்குள் ஆறு வளையல் அக்கா இடது கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கனிக்குச் சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. தன்னைப் போல ஒருத்தியை அவள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து புருஷன் தவசிலிங்கம் கடலைமிட்டாய்க் கம்பெனிக்கு லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், கனி கண்ணாடியைப் பார்த்து உட்காருவாள். எழுத்துகள் எல்லாம் திரும்பித் தெரிந்தன, திரும்பிய எழுத்தையே வாசிக்கப் பழகினாள். ஒரு வகுப்பை முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்து, அந்தக் கூடையை முடித்து, தூக்கிப் பார்த்து உதிரவில்லை என்றால், அந்த வகுப்பு எடுத்தவளின் கைகள் கண்ணாடியிலிருந்து இறங்கி வரும். பாதியில் விட்ட வகுப்புக்கு ஒரு விரல்கூட வராது. இப்படி எட்டு மாதத்தில் முப்பத்திரண்டு பேரிடம் பாடம் கேட்டாள். அறுபத்து மூன்று கைகள் வந்தன. கணக்கு இடிக்கிறதே என்று பார்க்க வேண்டாம். ஒருத்தி மட்டும் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முடிச்சுப் போட்டுக் காட்டியவள். அவளிடமிருந்து ஒற்றைக் கைதான் வந்தது.

முதல் கைகள் வந்த அன்று சாயங்காலம் தவசிலிங்கம் மேசையைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"எத்தன?"

"ரெண்டுங்க."

"சோறு திங்குமா?"

"வாய் இல்லையே."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

தெரு அதைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டது. கைகளைப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்: ஆறு வளையல், மருதாணி, பச்சை குத்துனது, வாட்ச்காரி, ஒத்தை. மணிக்கட்டு வரை வந்தவை விரலால் நடந்தன, முழங்கை வரை வந்தவற்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மத்தியானத்தில் கொடியைப் பிடித்துத் தொங்கியபடி வரிசையாகக் காற்று வாங்கின. வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் கேட்டு உள்ளங்கையை விரித்தன. பூக்கட்ட இரண்டு ஜோடி, புளி கொட்டை எடுக்க மூன்று ஜோடி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குப் பேன் பார்க்க ஒரு ஜோடி என்று தெருவே இரவல் வாங்கியது. கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் மீட்டர்மேல் உட்கார்ந்திருந்த மருதாணிக் கைகளைக் கண்டு, "இதைக் கொஞ்சம் அந்தாண்ட நகத்துங்கம்மா" என்று மட்டும் சொன்னார். கோயில் கொடைத் திருவிழா அன்று அறுபத்து மூன்றும் வாசலில் வரிசையாகக் கும்பிட்டு நிற்க, பூசாரி எண்ணிப் பார்த்து, "நாயன்மாரு கணக்கு சரியா இருக்கு" என்று விபூதியை ஒவ்வொன்றிலும் கொட்டினார். ஒற்றைக் கை மட்டும் கும்பிட முடியாமல் நெஞ்சில்லாத இடத்தில் நெஞ்சைத் தொடுவதுபோல நின்றது.

வழக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது. அப்பளம் போட மதினி ஐந்து ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு வளையல் நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள், ஏனென்றால் நீட்டியது இடது கை. அப்புறம் அவளே தீர்ப்பும் சொன்னாள்: கண்ணாடியில் இடது என்றால் ஊரில் அது வலது, ஆகையால் தோஷமில்லை. சொல்லிவிட்டுச் செம்பை வாங்கிக் குடித்தாள். அந்த நேரத்தில் கனி அரிசிச் சுளகோடு அங்கேதான் நின்றாள். "மதினி, இந்தாங்க" என்று பழக்கம் மறந்து இடது கையால் நீட்டினாள்.

"வச்சிருட்டி" என்றாள் மதினி.

கண்ணாடிக்குள்ளிருந்து வந்த ஊர் பேர் தெரியாத கைக்குக் கிடைத்தது, பதினெட்டு வருஷம் இந்த வீட்டுக்கு உழைத்த கைக்குக் கிடைக்கவில்லை. கனி சுளகை வைத்துவிட்டு வந்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் அவள் அந்தக் குறிப்பைப் படித்தாள். ஆறு வளையல் அக்காவின் வகுப்புக்குக் கீழே "சூப்பர் அக்கா", "அழகு அக்கா" என்று நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். அவற்றுக்கெல்லாம் அடியில், மூன்று வருஷத்துக்கு முன்னால், அதிராம்பட்டினத்திலிருந்து ஹமீதா பானு என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா எனக்கு இடது கைப் பழக்கம். எட்டு தடவை போட்டு எட்டு தடவையும் அவுந்துடுச்சு. வீட்டுல எல்லாரும் சிரிக்கிறாங்க. யாராவது இடது கையால போட்டுக் காட்டுனா புண்ணியமாப் போகும்." அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. மூன்று வருஷமாக அந்தக் கேள்வி வாங்க ஆளில்லாமல் நீட்டிய கைபோல அப்படியே நின்றது.

கனி யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டாள். "வெள்ளிக்கிழமை நான் போட்டுக் காட்டுறேன்" என்று எழுதிவிட்டாள். எழுதி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எழுதினவள் பார்க்கவா போகிறாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது: "காத்திருக்கேன்க்கா."

விஷயம் மதினியின் காதுக்குப் போக இரண்டு வீட்டுத் தூரம்கூட வேண்டியிருக்கவில்லை. "ஏட்டி, இங்கன நாலு பேரு பாத்தது போதாதுன்னு ஒலகமே பாக்க நொட்டாங்கைய நீட்டப் போறியாக்கும்? நல்லாருக்குட்டி நீ குடும்பம் நடத்துத லட்சணம். அன்னா அத்தன கை இருக்குல்லா, அதுல ஒண்ண விட்டுப் போடச் சொல்லு."

"அதெல்லாம் கண்ணாடியில திரும்புன சோத்துக் கைதான மதினி. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இது" என்று கனி தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை, நல்ல வெளிச்சம் வந்த பதினோரு மணிக்கு, அரிசி டப்பாமேல் பருப்புச் சம்படத்தை வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து, கனி படமெடுக்க உட்கார்ந்தாள். "வணக்கம்" என்று தொடங்கி முதல் முடிச்சுக்கு வயரை மடக்கியதுதான் தாமதம், கொடியில் தொங்கிக்கொண்டிருந்த அத்தனை கைகளும் பொத்துப்பொத்தென்று குதித்து ஓடிவந்தன. ஆறு வளையல் முடிச்சைத் தளர்த்தச் சொன்னது, மருதாணி இறுக்கச் சொன்னது, பச்சை குத்துனது வயரைப் பிடுங்கித் தன் பாணியில் மடக்கியது, வாட்ச்காரி நேரமாகிறது என்று மேசையைத் தட்டியது. எல்லாம் நல்ல மனசோடுதான். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், பந்தியில் இலைக்கு முந்துகிற கூட்டம்போல ஒரே கையாகத் தெரிந்தது, அதில் கனியின் கை எது என்று கனிக்கே தெரியவில்லை. கண்ணாடியில் போர்வையைப் போட்டு மூடினாள். மூடி என்ன, அவை எப்போதோ வெளியே வந்தவை. ஆளாளுக்கு நாட்டாமை செய்கிற இடத்தில் அன்றைக்கு நான்கு தடவை எடுத்து நான்கையும் அழித்தாள்.

புதன்கிழமை அவள் யாருக்கும் சொல்லாமல், வீட்டுக் கதவை வெளியே பூட்டிவிட்டு, வயர்க் கட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே கண்ணாடியில்லை, கைகளில்லை, காயப்போட்ட வத்தலும் வெயிலும்தான். போனை வைத்து, வயரை எடுத்து, மடக்கினாள். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. முப்பத்திரண்டு கூடை முடித்தவளுக்கு முதல் முடிச்சு தெரியவில்லை. விரல்கள் வயரைப் பிடித்தபடி நின்றன, நேற்று கல்யாணமாகி இன்று அடுப்படிக்குள் விடப்பட்ட பெண்ணைப்போல எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றன. கால் மணி நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. எட்டு மாதமாக அவள் கண்ணாடியைப் பார்த்துத்தான் பின்னினாள். கண் எப்போதும் அங்கே, அந்த அக்காமார்களின் கைகளில். கீழே தன் மடியில் தன் கைகள் என்ன செய்தன என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. தன் கையைப் பார்க்காமலிருக்க அவளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கிவிட்டிருந்தார்கள்.

கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். ஊருக்கெல்லாம் கேட்கும்படி வாக்குக் கொடுத்துவிட்டோமே, அந்தப் பிள்ளை ஒன்பதாவது தடவையும் அவிழ்க்கப்போகிறாளே என்று அழுதாள். கைகள் சுற்றி வந்து முதுகைத் தட்டின, கண்ணைத் துடைத்தன, அது அழுகையை இன்னும் கூட்டியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த தவசிலிங்கம் நிலைமையைப் பார்த்துவிட்டுத் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். முழுக் கதையையும் கேட்டான். மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"நான் கண்ணாடியப் பாத்து வண்டிய ரிவர்ஸ் எடுத்துருவேன் கனி. லோடோட சந்துக்குள்ள எடுப்பேன். ஆனா கிளம்பிப் போகணும்னா ரோட்டத்தான பாக்கணும்?"

"எனக்கு ரோடே தெரியலயே."

"தெரியும். நீ பாக்கல, அம்புட்டுத்தான்." கையைக் கழுவிவிட்டு, போகிற போக்கில் நிலைக்கண்ணாடியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கனி கைகளையெல்லாம் தெருவுக்கு இரவல் அனுப்பிவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து, முதல் முறையாக அதைப் பார்த்தாள். முட்டிகளில் வாத்தியார் போட்ட கோடு. கட்டைவிரல் ஓரத்தில் வயர் அறுத்த காய்ப்பு. சுண்டுவிரல் லேசாக வெளியே வளைந்து, யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. அசிங்கமாக இல்லையே என்று நினைத்தாள். நன்றாகவே இருந்தது. வயரை எடுத்துக் கொடுத்து, "உனக்குத் தெரிஞ்சதச் செய்யி, நான் பாக்கேன்" என்று அந்தக் கையிடம் சொன்னாள். கை மெதுவாகத் தொடங்கியது. வளைத்தது, நுழைத்தது, கட்டைவிரலால் அமுக்கி இழுத்தது. இழுத்தபோது அது பச்சை குத்தினவள் இழுக்கிற இழுப்பு என்று கனிக்குத் தெரிந்தது. எண்ணுவதற்கு மேசையில் தட்டிய தட்டு வாட்ச்காரியுடையது. முடிச்சைத் திருப்புகிறபோது உள்ளங்கை காட்டிய குழைவு மருதாணியுடையது. முப்பத்திரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். ஆனால் கை அவளுடையதாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் ஒரே முடிச்சையே போட்டாள், அவிழ்த்தாள், போட்டாள். மூலை திரும்புகிற இடத்தில்தான் எல்லா அக்காமார்களும் "இதே மாதிரி போட்டுக்கிட்டே வாங்க தோழிகளே" என்று சொல்லிவிட்டுப் படத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டிய அந்த இடத்தைத் தன் கை எப்படிக் கடந்தது என்று பார்க்கத்தான் அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அது ஒரு விரலை விட்டுப் பிடித்துக் கடந்தது. யாரும் சொல்லித்தராமல் அதுவாகவே கண்டுபிடித்திருந்தது. கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கள்ளி" என்று அதன் முதுகில் ஒரு அடி கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை குளித்து, தலைக்குப் பூ வைத்து, கனி கைகளையெல்லாம் கூடத்தில் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. உங்க காலத் தொட்டுக் கும்பிடணும், காலத்தான் காணோம். இன்னைக்கு நான் ஒருத்திக்குச் சொல்லிக் குடுக்கணும். போங்கன்னு சொல்லல. கொஞ்சம் ஒதுங்கி நின்னுக்கிடுங்க."

கைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள முடியாததால் விரல்களால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பிறகு ஒதுங்கின. ஒதுங்கியவை சும்மா நிற்கவில்லை. மருதாணி பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய் வெயிலைப் பிடித்து மேசைமேல் திருப்பிவிட்டது. பச்சை குத்துனது வயர்க் கட்டு சிக்கிக்கொள்ளாமல் பிரித்துவிட உட்கார்ந்தது. வாட்ச்காரி குக்கரின் விசிலைப் பிடித்துக்கொண்டது. ஆறு வளையல், சத்தம் வரக்கூடாதென்று தன் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தது. எட்டு மாதத்தில் அது வளையலைக் கழற்றியதில்லை. மூன்று ஜோடிகள் தெருவுக்கு ஓடி வாசல் வாசலாகக் கதவைத் தட்டி விரலை நீட்டி உஷ் என்று காட்ட, மிக்சிகள் நின்றன, டிவிகள் நின்றன, மீன்காரர் ஹாரனை அமுக்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அரிசி டப்பாமேல் இருந்த போனுக்கு முன்னால் கடைசியாக ஒற்றைக் கை வந்து நின்றது. அதன் ஜோடி எட்டு மாதமாக எங்கே என்று தெருவே கேட்டதுண்டு. போன் பிடிக்கப் போயிருந்தது. படம்பிடித்த கையைப் படத்தில் எப்படிக் காண முடியும்? தன் ஜோடி செய்த வேலை எதுவென்று அதற்குத் தெரியும். மெதுவாகப் போனை எடுத்து, உயர்த்தி, கனியின் மடிக்கு மேலே அசையாமல் பிடித்தது.

"வணக்கம்" என்றாள் கனி. "எம்பேரு சண்முகக்கனி. எனக்கு நொட்டாங்கை. இது அதிராம்பட்டினத்துல இருக்குற ஹமீதா பானுவுக்கு. அவளமாரி யாரு இருந்தாலும் அவங்களுக்கும்."

பிறகு அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள், கை போடப் போட, பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போனாள். அடி போட்டாள், பக்கம் ஏற்றினாள், எங்கே வயர் ஏமாற்றும் என்று சொன்னாள், எங்கே தானும் நான்கு தடவை ஏமாந்தாள் என்று சொன்னாள். மூலை வந்தபோது, "இதே மாதிரி போட்டுக்கிட்டே வாங்கன்னு சொல்லிட்டு ஓட மாட்டேன் தாயி. மூலையயும் சேந்தே போடுவோம். இன்னா, இந்த வெரல விடு, இப்பப் பிடி" என்று சொல்லி நான்கு மூலையையும் வெட்டாமல் போட்டாள். ஜன்னலில் தெருவே நின்றது. யாரும் இருமவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் ஒற்றைக் கை போனை இறக்கவில்லை. விளிம்பை மடக்கி, கைப்பிடியைப் பின்னி, கடைசி நுனியை உள்ளே செருகி வெட்டியபோது, கூடை பச்சையும் மஞ்சளுமாக மேசைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இனி தூக்கிக் காட்ட வேண்டும், உதிரவில்லை என்று காட்ட வேண்டும். கனி நிமிர்ந்தாள். வாசல்நிலையில் மதினி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் அம்மிக் குழவி.

"கூடைன்னா குழவியத் தாங்கணும்" என்றாள் மதினி. "சும்மா தூக்கிக் காமிச்சா எவ நம்புவா?" உள்ளே வந்து குழவியைக் கூடைக்குள் போட்டாள்.

கனி எழுந்தாள். பழக்கதோஷத்தில், மதினி எடுத்துக்கொள்ளட்டும் என்று கூடையை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிடத்தான் அவள் உடம்பு முதலில் போனது. போன் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வழியே அதிராம்பட்டினத்துப் பிள்ளையும் பார்ப்பாள். கனி இடது கையால் கைப்பிடியைப் பற்றி, குழவியோடு கூடையைத் தூக்கி, கையை முழுதாக நீட்டினாள்.

"இந்தாங்க மதினி."

மதினியின் கைகள் வழக்கம்போலச் சேலைக்குள் பாதி போயின. கூடை ஆடாமல் நின்றது, ஒரு முடிச்சு அசையவில்லை. கனம் தோளை இழுத்தாலும் கனி இறக்கவில்லை, வைக்கவில்லை. மதினி அந்தக் கையைப் பார்த்தாள். முட்டியிலிருந்த கோட்டைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாகத் தனக்குக் காபியை வைத்த கையை அவளும் அன்றைக்குத்தான் பார்த்திருப்பாள் போல.

"இத யாருட்டி அடிச்சது?"

"ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார்."

"வெளங்காம போவான்" என்று சொல்லிவிட்டு மதினி இரண்டு கையையும் நீட்டிக் கூடையை வாங்கினாள். வாங்கித் தோளில் மாட்டி, இப்படியும் அப்படியும் ஒரு ஆட்டு ஆட்டி, ஜன்னலில் நின்றவர்களைப் பார்த்து, "என்ன பாக்கீங்க? எந் தம்பி பொண்டாட்டி குடுத்தா, வாங்குனேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததை யாரும் பார்க்கக்கூடாதென்று குழவியைத் திட்டிக்கொண்டே போனாள்.

கூடத்தில் முப்பத்தொரு ஜோடிக் கைகளும் ஒரே நேரத்தில் தட்டின. அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தெரு தேர் நிலைக்கு வந்த நாளில்கூடக் கேட்டதில்லை. தாம்பாளம் கீழே விழுந்து உருண்டது, குக்கர் விசிலடித்தது, ஜன்னலில் நின்றவர்கள் குலவை போட்டார்கள். ஒற்றைக் கை மட்டும் போனைப் பத்திரமாக டப்பாமேல் வைத்துவிட்டு, தட்டத் துணையில்லாமல் காற்றில் விரிந்து நின்றது. ஒரு கை தட்டினால் ஓசை வராதே. கனி அதைப் பார்த்தாள். தன் இடது கையை நீட்டி அதனோடு ஓங்கித் தட்டினாள். அந்த ஓசை மற்ற எல்லா ஓசைக்கும் மேலே கேட்டது.

படத்தை வெட்டாமல், ஒட்டாமல், மதினியின் குழவியோடு அப்படியே யூடியூபில் ஏற்றி, கீழே போன் நம்பரையும் போட்டார்கள். முதல் நாள் ஹமீதா பானுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. வேறு யார் யாரோ எழுதினார்கள்: அரக்கோணத்தில் ஒரு தையல்காரர், குளித்தலையில் ஒரு கல்லூரிப் பெண், கொழும்பில் ஒரு நர்ஸ், நானும் இடது கை, நானும், நானும் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். ஆறு வளையல் அக்கா தஞ்சாவூரிலிருந்து, "அந்த மூலை எனக்கே இன்னைக்குத்தான் புரிஞ்சது" என்று எழுதினாள். கனி எல்லாவற்றையும் படித்தாள், எல்லோருக்கும் பதில் எழுதினாள், ஆனால் மனசு அதிராம்பட்டினத்திலேயே கிடந்தது.

ஐந்தாம் நாள் காலை, மதினிக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பழக்கமில்லாத குரல் மூச்சுவாங்கப் பேசியது.

"அக்கா, நான் ஹமீதா. கூடை முடிஞ்சிருச்சுக்கா. நின்னுருச்சு. உள்ள தேங்கா ரெண்டு போட்டுத் தூக்கினேன், அவுழலை. இப்ப வீட்டுல ஒருத்தரும் சிரிக்கலைக்கா. அப்புறம் இன்னொண்ணு சொல்லணும். உங்க கை எங்க வீட்டுக்கு வந்துருச்சு."

கனி தம்ளரை இறக்கி வைத்தாள். "என் கையா? எப்படித் தெரியும்?"

"முட்டியில கோடு இருக்கே. சுண்டுவிரல் வளைஞ்சிருக்கே. கண்ணாடியெல்லாம் வைக்கலைக்கா, நேரா போனுக்குள்ளேர்ந்தே இறங்கிருச்சு. ரெண்டும் வந்துச்சு, இடதுதான் முதல்ல. வந்து நின்னு, அடுத்த கூடைக்கு வயர் நுனியைக் குடுத்துச்சு."

கனியால் கேட்காமலிருக்க முடியவில்லை.

"குடுத்துச்சா, வச்சிச்சா?"

"குடுத்துச்சுக்கா" என்றாள் ஹமீதா பானு. "நானும் இடது கையாலதான் வாங்கினேன்."